மாதக் கொழுந்துக் கணக்கு: இன்டெக்ஸ் இருந்தும் வினவல் ஏன் முழு அட்டவணையையும் படிக்கிறது?

மடுவக்கணக்கு (ஹட்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறையையும் சம்பளத்தையும் கணக்கிடும் மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 8.0. தோட்ட அலுவலகத்தில் இருக்கும் ஒரு சாதாரணக் கணினியில்தான் அது ஓடுகிறது. காலை, பகல், மாலை என மூன்று வேளையும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கப்படும் கொழுந்து, ஆளுக்கு ஒரு நிரையாக (கிடைவரிசையாக) ‘நிறுவை’ என்ற அட்டவணையில் சேர்கிறது. 600 பேர், மாதத்துக்கு 25 நாள் என்று வைத்தால் மாதத்துக்கு 45,000 நிரைகள் வரும். நான்கு ஆண்டுகளில் அட்டவணை 21 இலட்சம் நிரைகளைத் தாண்டிவிட்டது.

நிரல்கள் (நெடுக்குப் பத்திகள்) இவை: தானாக ஏறும் இலக்கம் (இதுவே ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி), டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), தொழிலாளர் இலக்கம், நிறுத்த நேரம் (கொழுந்து நிறுக்கப்பட்ட நேரம்), வேளை, கிலோ. டிவிஷனுக்கு ஓர் இன்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) நிறுத்த நேரத்துக்கு ஓர் இன்டெக்ஸும் தனித்தனியாக உள்ளன. மாத முடிவில் ஓடும் வினவலில், நிபந்தனைகள் எழுதும் ‘வேர்’ பகுதியில், டிவிஷன் = 2, இயர்(நிறுத்த நேரம்) = 2024, மன்த்(நிறுத்த நேரம்) = 5 என்ற மூன்று நிபந்தனைகளும் ‘அண்ட்’ போட்டு இணைக்கப்பட்டுள்ளன. அதன்பின் தொழிலாளர் இலக்கத்தின்படி தொகுத்துக் கிலோவைக் கூட்டுகிறோம். நான்கு டிவிஷனுக்கும் இதை ஓட்டி முடிக்கும்வரை பெரிய கிளாக்கர் (தலைமை எழுத்தர்) வேறு வேலை பார்க்க முடியாமல் இருக்கிறார். வினவல் எப்படி ஓடப் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ‘டைப்’ நிரலில் ‘ஆல்’ (முழு அட்டவணையும்) என்று வருகிறது. இன்டெக்ஸ் இருக்கும்போது அதை ஏன் தொடுவதில்லை என்பதை விளக்குவீர்களா?

ஊவாச்சரிவு (பண்டாரவளை) எழுதியது:

வணக்கம் நண்பரே. அட்டவணையின் அமைப்பையும் எக்ஸ்பிளெயின் காட்டியதையும் சேர்த்துத் தந்தது நல்லது; அவை இல்லாமல் இன்டெக்ஸ் பற்றிச் சொல்லும் எதுவும் ஊகமாகத்தான் இருக்கும்.

நேரத்துக்கான இன்டெக்ஸில், நிறுத்த நேரங்கள் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இயர், மன்த் ஆகிய இரண்டும் அந்த நேரத்தை உள்ளே வாங்கி வேறொரு மதிப்பை வெளியே தருகின்றன. அந்த வேறு மதிப்பு எந்த வரிசையிலும் அடுக்கப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு நிரையையும் எடுத்து, ஆண்டையும் மாதத்தையும் கணித்து, பொருந்துகிறதா என்று பார்ப்பதைத் தவிர மைஎஸ்கியூஎல்லுக்கு வழியில்லை. எஞ்சியிருப்பது டிவிஷன் இன்டெக்ஸ். நான்கு டிவிஷன்களில் ஒன்று என்றால் அட்டவணையில் காற்பங்கு, அதாவது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நிரைகள். அவ்வளவு நிரைகளையும் இன்டெக்ஸில் ஒருமுறையும் அட்டவணையில் மறுமுறையுமாகத் தேடுவதைவிட, அட்டவணையைத் தலையிலிருந்து கால்வரை ஒரே மூச்சில் படிப்பது மலிவு என்று அது முடிவு செய்துள்ளது. அந்த முடிவு சரியானதே. மாற்ற வேண்டியது வினவலைத்தான்.

நிறுத்த நேரம் 2024 மே 1 நள்ளிரவுக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும், ஆனால் 2024 ஜூன் 1 நள்ளிரவுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். நிரலை அப்படியே விட்டு, கணிப்பதையெல்லாம் ஒப்பீட்டுக்குறியின் மறுபக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் முறை. ‘பிட்வீன்’ போட்டு மே 31 என்று முடிக்காதீர்கள். நேரமும் சேர்ந்த நிரலில் மே 31 என்பது அன்றைய நள்ளிரவு 00:00 என்றே பொருள்படும், அந்த நாளின் மூன்று நிறுவைகளும் கணக்கில் வராமல் போய்விடும். வினவல் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரு நாள் உழைப்பு விடுபட்ட சம்பளத் துண்டை யாரும் ஏற்க முடியாது.

நிரல்தேடி (பதுளை) எழுதியது:

சேர், நான் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவி. ஆண்டு கூடும்போது நேரமும் கூடுகிறது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாதா? அது தானாகவே வரம்பாக மாற்றிக்கொள்ளக் கூடாதா?

ஊவாச்சரிவு எழுதியது:

நல்ல கேள்வி, தங்கை. இயர் என்ற செயல்பாட்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். நேரம் ஏற ஏற ஆண்டு இறங்குவதில்லை. மன்த் அப்படியல்ல. டிசம்பரில் 12 ஆக இருந்தது ஜனவரியில் 1 ஆகிவிடுகிறது, எனவே மே மாதம் என்பது நேர வரிசையில் தொடர்ச்சியான ஒரு துண்டாக இல்லாமல் ஆண்டுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0 இந்த இரண்டையும் பகுத்துப் பார்த்து வரம்பாக மாற்றுவதில்லை. 8.0.13 பதிப்பிலிருந்து, ஒரு செயல்பாட்டின் விளைவுக்கே இன்டெக்ஸ் அமைக்கலாம். ஆனால் வினவலில் அதே கோவையை அதே வடிவில் எழுதினால்தான் அது பயன்படும். இங்கே எளிய வரம்பு நிபந்தனை இருக்கும்போது அது தேவையில்லை.

கொத்மலையான் எழுதியது:

என் அனுபவத்தில் ‘வேர்’ பகுதியில் வரும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி இன்டெக்ஸ் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். டிவிஷன், நேரம் இரண்டுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. தொழிலாளர் இலக்கத்துக்கும் வேளைக்கும் ஒவ்வொன்று சேர்த்தால் போதும்.

ஊவாச்சரிவு எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை, நண்பரே. ஒரு வினவலில் ஓர் அட்டவணைக்குப் பெரும்பாலும் ஓர் இன்டெக்ஸையே மைஎஸ்கியூஎல் தெரிவு செய்கிறது. இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தும் வழி உண்டெனினும், இரண்டு பட்டியல்களையும் எடுத்துப் பொருத்திப் பார்க்கும் வேலை கூடுதலாக வருகிறது. இரு நிரல்களையும் உள்ளடக்கிய ஒரே கூட்டு இன்டெக்ஸ் இந்த இடத்தில் மிகச் சிறந்தது.

கூட்டு இன்டெக்ஸில் நிரல்களின் வரிசைதான் எல்லாம். செக்ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேட்டை) எண்ணிப் பாருங்கள். முதலில் டிவிஷன், அதற்குள் ஆட்களின் இலக்கம், ஒவ்வொருவருக்கு நேராகவும் நாட்கள். டிவிஷனும் இலக்கமும் தெரிந்தால் பக்கத்தைப் புரட்டி உடனே விரல் வைத்துவிடலாம். டிவிஷன் தெரியாமல் ‘12ஆம் திகதி யாரெல்லாம் வேலைக்கு வந்தார்கள்’ என்று கேட்டால் புத்தகம் முழுவதையும் புரட்டத்தான் வேண்டும்.

சமக்குறியால் ஒப்பிடப்படும் நிரலை முன்னே வைத்து, வரம்பாக ஒப்பிடப்படும் நிரலை அதற்குப் பின்னே வையுங்கள். இங்கே முதலில் டிவிஷன், அடுத்து நிறுத்த நேரம். டிவிஷன் 2 என்ற பகுதிக்குள் மே மாதம் ஒரே தொடர்ச்சியாக இருக்கும். தொடக்கத்தை இன்டெக்ஸ் மரத்தின் (கிளைகளாகப் பிரியும் அதன் அமைப்பின்) வழியே இறங்கிப் பிடித்து, ஜூன் வரும்வரை பக்கவாட்டில் நடந்தால் முடிந்தது: 45,000 நிரைகளில் காற்பங்கு, சுமார் 11,250 பதிவுகள். வரிசையை மாற்றி நேரத்தை முன்னே வைத்தால், மே மாதத்தின் 45,000 பதிவுகளையும் கடந்து ஒவ்வொன்றிலும் டிவிஷனைச் சோதிக்க வேண்டிவரும். நான்கு மடங்கு வேலை.

வேளை என்ற நிரலுக்குத் தனி இன்டெக்ஸ் வேண்டவே வேண்டாம். மூன்றே மதிப்புகள் உள்ள நிரலில் எதைக் கேட்டாலும் அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு வந்து நிற்கும்.

நிரல்தேடி எழுதியது:

இன்னொரு சந்தேகம், சேர். வினவல் தொழிலாளர் இலக்கத்தின்படி தொகுக்கிறது. அப்படியானால் இன்டெக்ஸில் டிவிஷனுக்கு அடுத்ததாக இலக்கத்தை வைத்து, நேரத்தை மூன்றாவதாகப் போட்டால், தொகுப்பதற்குத் தேவையான வரிசை இன்டெக்ஸிலிருந்தே கிடைத்துவிடுமே?

ஊவாச்சரிவு எழுதியது:

வரிசை கிடைக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. இலக்கம் இடையில் வந்துவிட்டதால் மே மாதம் இனி ஒரு தொடர்ச்சியாக இல்லை. டிவிஷன் 2இல் உள்ள ஒவ்வொருவரின் நான்கு ஆண்டுப் பதிவுகளுக்குள்ளும் ஒரு சிறு துண்டாக அது கிடக்கிறது. மேலேயிருந்து கீழே படித்தால் 5,40,000 பதிவுகள். மற்ற இன்டெக்ஸில் 11,250 பதிவுகளைப் படித்து, 150 பேருக்கான கூட்டுத்தொகையை நினைவகத்தில் ஒரு சிறு தற்காலிக அட்டவணையில் வைத்துக்கொண்டால் போதும். எக்ஸ்பிளெயினின் கடைசி நிரலில் ‘யூஸிங் டெம்பரரி’ என்று வருவதைக் கண்டு சிலர் அச்சப்படுகிறார்கள். 150 நிரைகள் கொண்ட தற்காலிக அட்டவணை ஒரு பொருட்டே அல்ல. அந்தச் சொல்லைப் போக்குவதற்காக ஐந்து இலட்சம் பதிவுகளைப் படிக்கச் செய்வது தவறான திருத்தம்.

மடுவக்கணக்கு எழுதியது:

வினவலை மாற்றி, டிவிஷனும் நேரமும் சேர்ந்த கூட்டு இன்டெக்ஸையும் அமைத்துவிட்டேன். இப்போது ‘டைப்’ நிரலில் ‘ரேஞ்ச்’ (வரம்பு) என்று வருகிறது, மாத அறிக்கை உடனே வந்து நிற்கிறது. மிக்க நன்றி.

இதே அட்டவணையில் இன்னொரு வினவல் உள்ளது. ஓய்வுபெறப் போகிறவர்களும், தம் கணக்கில் குறை இருப்பதாக முறையிடுபவர்களும் அலுவலகத்துக்கு வந்து தமது ஓராண்டு நிறுவையைக் கேட்பதுண்டு. மலையிலிருந்து இறங்கி வந்து அலுவலக வாசலில் நிற்பவரைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. தொழிலாளர் இலக்கத்துக்கு மட்டும் ஓர் இன்டெக்ஸ் அமைத்தேன். எக்ஸ்பிளெயின் அதைப் பயன்படுத்துவதாகவே காட்டுகிறது. ஆனாலும் காலையில் முதன்முறை கேட்கும்போது குறிப்பிடத்தக்க தாமதம் இருக்கிறது. ஓராண்டின் 900 நிரைகளுக்கு ஏன் இவ்வளவு நேரம்?

ஊவாச்சரிவு எழுதியது:

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். எக்ஸ்பிளெயினில் இன்டெக்ஸின் பெயரைக் கண்டதும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஆனால் அந்த இன்டெக்ஸ் எத்தனை பக்கங்களைத் தொடவைக்கிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, தரவை 16 கிலோபைட் பக்கங்களாகச் சேமிக்கிறது. முழு நிரைகளும் முதன்மைச் சாவியின் வரிசையில் ஒரு மரமாக (முதன்மை மரம்) அடுக்கப்பட்டுள்ளன. உங்கள் முதன்மைச் சாவி தானாக ஏறும் இலக்கம் என்பதால் அது கொழுந்து நிறுக்கப்பட்ட வரிசைதான். தொழிலாளர் இலக்க இன்டெக்ஸில் இருப்பது அந்த இலக்கமும் முதன்மைச் சாவியும் மட்டுமே. அதில் ஒருவரைத் தேடினால் அவருடைய பதிவுகள் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் திகதியும் கிலோவும் அங்கே இல்லாததால், ஒவ்வொரு பதிவுக்கும் முதன்மை மரத்துக்குப் போய் முழு நிரையை எடுக்க வேண்டும்.

ஒரு நிரை ஏறத்தாழ 80 பைட் என்று கொள்வோம். ஒரு வேளையின் 600 நிறுவைகள் மூன்று பக்கங்களை நிரப்பும். ஆகவே ஒருவரின் காலை நிறுவை ஒரு பக்கத்தில், பகல் நிறுவை சில பக்கங்கள் தள்ளி, மாலை நிறுவை இன்னும் தள்ளி. நாளைக்கு மூன்று, மாதத்துக்கு 25 நாள், 12 மாதம்: 900 நிரைகளும் 900 வெவ்வேறு பக்கங்களில் உள்ளன. 72 கிலோபைட் தகவலுக்காகச் சுமார் 14 மெகாபைட் படிக்கப்படுகிறது. இலக்கத்துக்கு மட்டும் இன்டெக்ஸ் என்பதால் ஓராண்டைத் தனியே பிரிக்கவும் முடியாது. நான்கு ஆண்டுப் பதிவுகளையும் எடுத்து, முழு நிரையைப் பார்த்த பின்பே மூன்று ஆண்டுகளை ஒதுக்க வேண்டும். எனவே உண்மையில் அதன் நான்கு மடங்கு. வட்டில் அங்குமிங்குமாகக் கிடக்கும் பக்கங்களை முதன்முறை படிப்பதுதான் நீங்கள் காலையில் உணரும் தாமதம். பிறகு நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாம் முறை வேகமாகத் தெரிகிறது.

தொழிலாளர் இலக்கம், நிறுத்த நேரம், கிலோ என்ற வரிசையில் மூன்றையும் கொண்ட இன்டெக்ஸாக அதை மாற்றுங்கள். வினவல் கேட்கும் எல்லாம் இன்டெக்ஸுக்குள்ளேயே இருப்பதால் முதன்மை மரத்தைத் தொட வேண்டியதில்லை. எக்ஸ்பிளெயினின் கடைசி நிரலில் ‘யூஸிங் இன்டெக்ஸ்’ என்று வந்தால் அதுவே அடையாளம். பதிவொன்றுக்கு 25 பைட் என்றால் 900 பதிவுகள் இரண்டு மூன்று பக்கங்களில் அடங்கும். வினவலில் நட்சத்திரக்குறி போட்டு எல்லா நிரல்களையும் கேட்டால் மட்டும் இந்தப் பயன் கிடைக்காது. தேவையான நிரல்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாத அறிக்கை மட்டும் ஏன் இப்படிச் சிரமப்படவில்லை என்றால், ஒரு மாதத்தின் நிரைகள் முதன்மை மரத்தில் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. 11,250 தடவை போனாலும் அதே சில நூறு பக்கங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறது.

பிரட்டுக்களம் (மஸ்கெலியா) எழுதியது:

நான் உயர்தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் கற்பிப்பவன். முதன்மைச் சாவியையே தொழிலாளர் இலக்கம், நாள், வேளை என்று மாற்றிவிட்டால் என்ன? ஒரே ஆள், ஒரே வேளைக்கு இரண்டு முறை பதியப்படுவதையும் அது தடுக்குமே. அத்துடன், இன்டெக்ஸ் கூடக் கூட எழுதும் வேகம் குறையும் என்பதையும் யாராவது இங்கே சொல்ல வேண்டும். மாலையில் மடுவத்தில் வரிசை நீளும்போது பதிவு தடைப்பட்டால் அதன் சிரமம் முதுகில் சுமையுடன் நிற்பவருக்குத்தான்.

ஊவாச்சரிவு எழுதியது:

இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு, சேர். அதற்கு அந்த மூன்றுக்கும், ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத ஒரு ‘யுனிக்’ இன்டெக்ஸ் போதும். முதன்மைச் சாவியை மாற்றினால் ஓராண்டு நிறுவை அக்கம்பக்கமாக வந்துவிடும், உண்மைதான். ஆனால் மாத அறிக்கைக்குத் தேவையான நிரைகள் அட்டவணையெங்கும் சிதறிவிடும். மேலும் இன்னோடிபியில் ஒவ்வோர் இன்டெக்ஸும் முதன்மைச் சாவியைச் சுமப்பதால், சாவி நீளும்போது எல்லா இன்டெக்ஸும் பருக்கின்றன.

எழுதும் சுமையைப் பொறுத்தவரை அளவைப் பார்த்தே பேச வேண்டும். நாளொன்றுக்கு 1,800 நிரைகள் என்பது எந்தச் சேர்வருக்கும் பாரமில்லை. இன்னும் மூன்று இன்டெக்ஸ் இருந்தாலும் மடுவத்தில் யாரும் அதை உணரப் போவதில்லை. இங்கே கவலைப்பட வேண்டியது நினைவகம். இன்னோடிபி பக்கங்களை வைத்துக்கொள்ளும் பகுதியின் இயல்பு அளவு 128 மெகாபைட். இந்த அட்டவணை மட்டுமே 170 மெகாபைட்டைத் தாண்டுகிறது. மாற்றாமல் விட்டிருந்தால் அதை முதலில் உயர்த்துங்கள். ஒவ்வொரு வேண்டாத இன்டெக்ஸும் அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறது.

மடுவக்கணக்கு எழுதியது:

அடையாள அட்டை இலக்கத்தால் தேடுவதிலும் இதுபோன்ற தாமதம் உண்டு. ‘தொழிலாளர்’ அட்டவணையில் அது எழுத்து வகை நிரல், இன்டெக்ஸும் உள்ளது. பழைய அட்டைக்காரரைத் தேடினால் உடனே வருகிறார்; 12 இலக்கப் புதிய அட்டைக்காரர் வரத் தாமதமாகிறது.

கொத்மலையான் எழுதியது:

இதை நான் வேறொரு வேலையில் கண்டிருக்கிறேன். பழைய இலக்கம் ‘வி’ என்ற எழுத்தில் முடிவதால் மென்பொருள் அதை மேற்கோள்குறிக்குள் எழுத்தாக அனுப்புகிறது. புதிய இலக்கத்தில் எண்கள் மட்டுமே இருப்பதால் அதை எண்ணாக அனுப்பிவிடுகிறது. எழுத்து நிரலை எண்ணோடு ஒப்பிடும்போது மைஎஸ்கியூஎல் நிரலின் ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. அந்தக் கணமே இன்டெக்ஸ் பயனற்றுப் போகிறது. போஸ்ட்கிரஸ் என்ற மற்றொரு தரவுத்தளம் இதற்குப் பிழைச்செய்தி தந்து நிறுத்திவிடும், அதுவே நல்லது. எப்போதும் எழுத்தாகவே அனுப்புங்கள்.

பழைய அட்டை, புதிய அட்டை இரண்டில் எது பதிவில் இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், நிரலின் மேல் செயல்பாடு போட்டு மாற்றாதீர்கள். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை நுழைத்து, முன்னே 19 சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். இரண்டு வடிவங்களையும் மென்பொருளிலேயே ஆக்கி, ‘இன்’ போட்டு இரண்டையும் கேளுங்கள். இன்டெக்ஸில் இரண்டு முறை தேடினால் வேலை முடிந்தது.

நிரல்தேடி எழுதியது:

பெயரால் தேடுவதற்கும் இதே முறை பொருந்துமா? என் செயற்றிட்டம் போஸ்ட்கிரஸில், தமிழ்ப் பெயர்களுடன்.

ஊவாச்சரிவு எழுதியது:

முதலெழுத்து முன்னே, பெயர் பின்னே என்று ஒரே நிரலில் பதிந்திருந்தால், ‘கோமதி’ என்று தேடுவது நிரலின் நடுவிலிருந்து தேடுவதாகிவிடும். தொடக்கம் தெரியாமல் விழுக்காட்டுக்குறியுடன் ஆரம்பிக்கும் ‘லைக்’ நிபந்தனைக்கு வழக்கமான இன்டெக்ஸ் உதவாது. முதலெழுத்தையும் பெயரையும் இரு நிரல்களாகப் பிரியுங்கள். போஸ்ட்கிரஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் ஒழுங்கு ‘சி’ அல்லாததாக அமைந்திருந்தால், முன்னொட்டுத் தேடலுக்கென ‘டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்’ என்ற வகையைக் குறிப்பிட்டு இன்டெக்ஸை அமைக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. போஸ்ட்கிரஸின் இயல்பான ஒப்பீட்டுக்கோ அவை இரு வேறு சொற்கள். இன்டெக்ஸ் சரியாக வேலை செய்தும் ஆள் கிடைக்காமல் போவார். பதியும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயல்பாடு போஸ்ட்கிரஸிலேயே உண்டு.

மடுவக்கணக்கு எழுதியது:

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். டிவிஷன், நேரம், தொழிலாளர் இலக்கம் என்ற பழைய தனி இன்டெக்ஸ்கள் மூன்றும் இன்னும் இருக்கின்றன. பயன்படாத இன்டெக்ஸைப் பட்டியலிடும் வசதி மைஎஸ்கியூஎல்லில் உண்டென்று படித்தேன். அதில் வருவதையெல்லாம் நீக்கிவிடலாமா?

ஊவாச்சரிவு எழுதியது:

டிவிஷனுக்கும் தொழிலாளர் இலக்கத்துக்கும் உள்ள தனி இன்டெக்ஸ்களைப் பட்டியலைப் பார்க்காமலே நீக்கலாம். அந்த நிரல்களில் தொடங்கும் கூட்டு இன்டெக்ஸ்கள் அவற்றின் வேலையைச் செய்கின்றன. நேரத்துக்கான தனி இன்டெக்ஸை அப்படி நீக்க முடியாது. தோட்டம் முழுவதற்குமான ஒரு நாள் கணக்கை எல்லா டிவிஷனுக்கும் சேர்த்துக் கேட்டால் அதுதான் உதவும்.

அந்தப் பட்டியலை நம்புவதற்கு முன், சேர்வர் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று பாருங்கள். அந்தப் பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், மைஎஸ்கியூஎல் மீளத் தொடங்கும்போதெல்லாம் பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கின்றன. நம் பக்கத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருவது வழக்கம். முந்தாநாள் மின்வெட்டில் நின்ற சேர்வரிடம் இன்று கேட்டால், மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் இன்டெக்ஸையும் பயன்படாதது என்றே அது சொல்லும். ஐயம் உள்ள இன்டெக்ஸை உடனே நீக்காமல் ‘இன்விசிபிள்’ ஆக்குங்கள். 8.0 பதிப்பில் அந்த வசதி இருக்கிறது. வினவல்கள் அதைப் பார்க்காது, ஆனால் உள்ளே அது தொடர்ந்து புதுப்பிக்கப்படும். சம்பள நாளும், சேமலாப நிதிக் கணக்கு அனுப்பும் நாளும், ஆண்டிறுதியும் தாமதமின்றிக் கடந்த பிறகு நீக்கிவிடுங்கள். இடையில் ஏதேனும் வினவல் தாமதித்தால், 21 இலட்சம் நிரைகளுக்கு மீண்டும் இன்டெக்ஸ் கட்டும்வரை காத்திராமல், ஒரே கட்டளையில் அதை மறுபடி தெரியும்படி ஆக்கலாம்.